திரையும் திடலும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். வைணவப் பெரியார் இராமாநுசர் பிறந்த ஊர் என்று பல நூற்றாண்டுகளாக அடியார்கள் நாடி வரும் தலம் அது. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அவ்வூரும், அதனை அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் முதலிய ஊர்களும் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருந்தொழில் வளரும் நிலமாக மாறியுள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வெளிவருகின்றன. ஒரகடத்தில் ரெனோ, நிசான் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து எழுப்பிய கார் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை இயங்கியது. இன்று சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன.

ஷிப்டு மாறும் வேளையில் இச்சாலையில் தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் வரிசையாகச் செல்லும். அவற்றுள் அமர்ந்திருக்கும் இளைஞர் பலர் கைப்பேசித் திரையில் கண்ணை நாட்டியிருப்பர். சிலர் பாட்டுக் கேட்பர். சிலர் படம் பார்ப்பர். சிலர் விரைவாக விரல்களை அசைத்து ஏதேனும் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பர். இதே சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில், நாடறிந்த கார்ப் பந்தயத் தடம் ஒன்றும் இருக்கிறது. கைப்பேசி செய்யும் நிலத்தில், கார் செய்யும் நிலத்தில், கார்ப் பந்தயம் நடக்கும் நிலத்தில் ஒரு வினா இயல்பாகவே எழுகின்றது. திடலில் ஓடி ஆடுவது விளையாட்டு. தடத்தில் கார் ஓட்டிப் போட்டியிடுவதும் விளையாட்டு என்று உலகம் ஏற்றுக்கொண்டது. அங்ஙனமாயின், திரையின் முன் அமர்ந்து போட்டியிடுவதும் விளையாட்டுத்தானா?

வீடியோ விளையாட்டுகளில் முறையாக நடைபெறும் போட்டியை இந்நாளில் ‘இ-ஸ்போர்ட்ஸ்’ என்பர். தமிழில் அதனை ‘மின்விளையாட்டு’ என்று வழங்குகின்றனர். அப்பெயரிலேயே ‘விளையாட்டு’ என்னும் சொல் அமைந்துவிட்டது. ஆனால் பெயர் அமைந்துவிட்டதால் பொருளும் அமைந்துவிட்டது என்று கொள்ளலாகாது. கானல்நீர் என்னும் பெயரில் நீர் உண்டு. ஆயினும் அது தாகம் தீர்ப்பதில்லை. எனவே பெயரைக் கடந்து பொருளை ஆராய்தல் வேண்டும்.

முதலில் ‘விளையாட்டு’ என்னும் சொல்லையே நோக்குவோம். விரும்பி ஆடும் ஆட்டமே விளையாட்டு என்று அறிஞர் பொருள் கூறுவர். மணலில் வீடு கட்டும் சிறுமியும் விளையாடுகிறாள். உலகக் கோப்பைக்காகக் களமிறங்கும் வீரனும் விளையாடுகிறான். தமிழில் இரண்டிற்கும் ஒரே சொல். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை அனைவரும் அறிவர். முன்னது மனமகிழ்ச்சிக்காக ஆடுவது. அதற்கு விதி வேண்டுவதில்லை, நடுவர் வேண்டுவதில்லை, வெற்றி தோல்வியும் வேண்டுவதில்லை. பின்னது திறனை அளந்து பார்க்கும் போட்டி. அதற்கு இவை யாவும் வேண்டும். ஆகவே, பேருந்தில் பொழுதுபோக்காக ஆடுபவரைப் பற்றியது அன்று இவ்வினா. பல மாதங்கள் பயின்று, விதிக்கு உட்பட்டு, நடுவர் முன்னிலையில் மோதும் போட்டியாளரைப் பற்றியதே இவ்வினா.

‘உடல் வருந்தாத ஒன்றை விளையாட்டு என்று எங்ஙனம் கூறுவது? கபடி ஆடுபவன் மூச்சை அடக்கிப் பாடிச் செல்கிறான். ஓட்டக்காரன் வியர்வையில் நனைகிறான். நாற்காலியில் அமர்ந்து விரலை மட்டும் அசைப்பவனுக்கு வீரன் என்னும் பெயர் தகுமா?’ என்று கேட்பவர் பலர். இது தள்ளத்தக்க கேள்வியன்று. ஆயினும், வியர்வை ஒன்றே அளவுகோல் என்று கொண்டால், நாம் முன்னரே ஏற்றுக்கொண்ட பல விளையாட்டுகளைக் கைவிட நேரும்.

துப்பாக்கி சுடும் போட்டியைப் பாருங்கள். முதல் ஒலிம்பிக் நடந்த 1896 முதலே அது ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதில் வெற்றி பெறுபவன் ஓடுவதில்லை, தாவுவதில்லை. உடலை எவ்வளவு அசையாமல் வைத்திருக்கிறானோ அவ்வளவிற்கு அவன் வெல்கிறான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. அதனை விளையாட்டின் வெற்றி அன்று என்று யார் கூறுவார்?

சதுரங்கம் நமக்கு இன்னும் நெருங்கிய சான்று. சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1985-இல் அருச்சுனா விருது பெற்றார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1999-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு சதுரங்கத்தின் உலக அமைப்பை ஏற்றுக்கொண்டது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 திசம்பரில் சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலக வாகையர் பட்டம் வென்றார். விளையாட்டுக்கென நாடு வழங்கும் மிக உயர்ந்த விருதாகிய கேல் ரத்னா அவருக்கு வழங்கப்பட்டது. இவர்கள் அமர்ந்தே ஆடினர். ஆயினும் விளையாட்டு வீரர் என்றே நாடு இவர்களைப் போற்றியது.

‘சதுரங்கத்தில் இயந்திரம் இல்லையே! மின்விளையாட்டில் பாதி வேலையை இயந்திரம் அன்றோ செய்கிறது?’ என்று மற்றொரு தடை எழுப்புவர் சிலர். இதற்கு விடை காண இருங்காட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம்.

சென்னைப் பகுதியில் மோட்டார்ப் பந்தயம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1953-இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிறுவப்பட்டது. அந்நாளில் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமே பந்தயக் களமாகப் பயன்பட்டது. பின்னர், பந்தயத்திற்கென்றே ஒரு தடம் வேண்டும் என்று கருதி, அக்கழகத்தார் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தை அமைத்தனர். அது 1990-இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அதனைச் சுற்றி இன்றுள்ள கார் ஆலைகள் இல்லை. கார் செய்யும் தொழில் வருவதற்கு முன்னரே கார்ப் பந்தயம் அந்நிலத்தில் வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டு வீரர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் அப்பந்தயத்தில் ஓடினார்.

இத்துணைச் சிறப்பிருந்தும், மோட்டார்ப் பந்தயம் விளையாட்டு என்னும் பெயரை எளிதில் பெறவில்லை. இயந்திர விசையையே முதன்மையாகக் கொண்ட போட்டிகளை ஏற்பதில்லை என்று ஒலிம்பிக் சாசனம் நெடுங்காலம் விதித்திருந்தது. நம் நாட்டில் அருச்சுனா விருது 1961-இல் தொடங்கப்பட்டது. ஆனால் மோட்டார் பந்தய வீரர் ஒருவர் அதனைப் பெற்றது 2019-இல்தான். அவ்வாண்டு ராலி ஓட்டுநர் கௌரவ் கில் அவ்விருதைப் பெற்றார். இடையில் கழிந்தவை 58 ஆண்டுகள்!

உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது ஏன்? பந்தயக் காரின் உள்ளே நிகழ்வதை அது மெல்ல மெல்ல உணர்ந்தது. கொதிக்கும் வெப்பத்தில், தலைக்கவசமும் தீக்காப்பு உடையும் அணிந்து, வளைவுதோறும் பக்கவாட்டில் இழுக்கும் விசையைக் கழுத்தால் தாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுத்து ஓட்டுகிறான் ஓட்டுநன். கார் ஓடுகிறது என்பது உண்மை; ஆயினும் ஒரே வகைக் கார் இருவர் கையில் இரு வகையாக ஓடுகிறது. அந்த வேறுபாடே மனிதனின் திறன். வில்லின்றி வில்லாளன் இல்லை. குதிரையின்றிக் குதிரைவீரன் இல்லை. கருவி இருப்பதால் விளையாட்டு குறைவுபடுவதில்லை. வெற்றியை முடிவு செய்வது கருவியா, கையாள்பவனா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இனி, தடத்திற்கும் திரைக்கும் இடையே பாலமாக அமைந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். ஒரகடத்தில் ஆலை எழுப்பிய நிசான் நிறுவனம், சோனி நிறுவனத்துடன் சேர்ந்து 2008-இல் ஐரோப்பாவில் ஒரு புதுமையான தேர்வைத் தொடங்கியது. ‘கிரான் டூரிஸ்மோ’ என்னும் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டில் சிறந்தவர்களைத் தெரிந்தெடுத்து, உண்மையான பந்தயக் காரில் பயிற்சி அளிப்பதே அத்தேர்வின் நோக்கம். பலர் அதனை எள்ளி நகைத்தனர். முதல் தேர்வில் வென்ற ஸ்பெயின் நாட்டு இளைஞர் லூகாஸ் ஓர்டோனெஸ், மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 2011-இல், பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். 2011-இல் தேர்வு பெற்ற பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோவும் பின்னர் அதே பந்தயத்தில் ஓடினார். திரையில் பழகிய கண்ணும் கையும் தடத்திலும் பயன்பட்டன. திரையில் பெறுவது போலித்திறன் என்னும் கூற்றை இந்நிகழ்ச்சி தகர்த்துவிட்டது.

ஆனால் இதே நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. தேர்வு பெற்ற இளைஞர்கள் நேரே பந்தயக் காரில் ஏறிவிடவில்லை. உடலை உறுதிப்படுத்தும் கடும் பயிற்சியைப் பல மாதங்கள் மேற்கொண்ட பின்னரே ஏறினர். திரையில் தவறு செய்தவன் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். தடத்தில் தவறு செய்தவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே திரையும் தடமும் உறவுடையவை; ஆயினும் ஒன்றே அல்ல.

திறன் உண்டு என்பது தெளிவாயிற்று. இனி இப்போட்டிகள் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் கணினி விளையாட்டில் ஒரு சிறு போட்டி நடந்தது. வென்றவருக்குப் பரிசு ஓர் இதழுக்கு ஓராண்டுச் சந்தா. அச்சிறு விதையே பின்னர் பெருமரமாயிற்று. தென்கொரியாவில் 2000-ஆம் ஆண்டில் மின்விளையாட்டுக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. போட்டிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. 2018-இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 2023-இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவே அமைந்தது. அங்குத் தங்கம் வென்ற தென்கொரிய வீரர்கள், பிற விளையாட்டுகளில் தங்கம் வென்றவர்களைப் போலவே, கட்டாயப் படைப்பணியில் சலுகை பெற்றனர்.

நம் நாட்டிலும் அரசு இதனை எண்ணிப் பார்த்தது. 2022 திசம்பரில், பல விளையாட்டுகள் இணைந்த போட்டிகளின் ஒரு பகுதியாக நடைபெறும் மின்விளையாட்டு, மத்திய அரசின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றது. அதே சட்டம் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்தது. கைத்திறன், மதிநுட்பம், உத்தி ஆகியவற்றால் மட்டுமே முடிவு அமைய வேண்டும். பந்தயப்பணம் கட்டுதல் கூடாது என்பது அச்சட்டம் மின்விளையாட்டுக்கு வகுத்த எல்லை. விளையாட்டையும் சூதாட்டத்தையும் பிரித்துக் காட்டிய அவ்வெல்லை இன்றியமையாதது. இரண்டும் ஒரே கைப்பேசியில், ஒரே வண்ணத் திரையில் தோன்றுவதால் இளைஞர் மயங்குவது எளிது. ஒன்றில் பயிற்சியால் வளர்வது திறன். மற்றொன்றில் பழக்கத்தால் வளர்வது கடன்.

இங்ஙனம் திறனும் இருக்கிறது. சட்டத்தின் ஏற்பும் இருக்கிறது. பின்னர் ஐயத்திற்கு இடம் ஏது? இடம் இருக்கிறது. வியர்வையைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் வாதிடுவோர் பெரும்பாலும் எண்ணிப் பாராத ஒன்று, விளையாட்டின் உடைமையாகும்.

கபடி யாருக்குச் சொந்தம்? எவருக்கும் சொந்தமன்று, ஆதலால் எல்லார்க்கும் சொந்தம். ஒரு திடலும் ஒரு கோடும் இருந்தால் எந்தச் சிற்றூரிலும் அதனை ஆடலாம். அதன் விதிகளைச் சங்கங்கள் கூடி வகுக்கின்றன. எவரேனும் ஒருவர் தம் இலாபம் கருதி அவற்றை இரவோடு இரவாக மாற்றிவிட இயலாது. வீடியோ விளையாட்டின் நிலை வேறு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் விரும்பினால் விதியை மாற்றலாம், விலையை மாற்றலாம், விளையாட்டையே நிறுத்திவிடலாம்.

இது வெறுங்கற்பனையன்று. 2018-இல் சகார்த்தாவில், குசராத்து மாநிலத்தின் பூஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா என்னும் இளைஞர் ‘ஹார்த்ஸ்டோன்’ என்னும் திரைவழிச் சீட்டு விளையாட்டில் வெண்கலம் வென்றார். காட்சிப் போட்டியாதலின், அப்பதக்கம் நாட்டின் பதக்கக் கணக்கில் சேரவில்லை. எனினும் ஆசிய விளையாட்டின் மேடையில் மின்விளையாட்டில் இந்தியர் பெற்ற முதல் பதக்கம் அது. அடுத்த ஆசிய விளையாட்டில் ஹார்த்ஸ்டோன் பதக்கப் போட்டியாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் சார்பில் ஆட வீரர்களும் தேர்வு பெற்றனர். இந்நிலையில், அவ்விளையாட்டை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்திற்கும் சீனாவில் அதனை நடத்திய நிறுவனத்திற்கும் இடையே இருந்த ஒப்பந்தம் 2023 சனவரியில் முடிவுற்றது. சீனாவில் அவ்விளையாட்டு நின்றது. ஹாங்சௌ போட்டிப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. பல ஆண்டுகள் பயின்ற வீரர்களின் கனவு, அவர்கள் கையொப்பம் இடாத ஓர் ஒப்பந்தத்தால் கலைந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இளைஞரிடையே பெரிதும் பரவியிருந்த பப்ஜி மொபைல் விளையாட்டை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. அதன் இந்திய வடிவம் 2021-இல் வெளிவந்தது. 2022 சூலையில் அதுவும் நிறுத்தப்பட்டது. 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. நாட்டின் பாதுகாப்புக் கருதி அரசு எடுத்த முடிவுகளைப் பற்றியதன்று இங்கு எழும் கேள்வி. ஒரு விளையாட்டு இன்று இருந்து நாளை மறையுமாயின், அதனை நம்பிப் பயின்ற இளைஞனின் நிலை என்ன என்பதே கேள்வி. ஓட்டப்பந்தய வீரனிடமிருந்து ஓட்டத்தை எவரும் பறித்துக்கொள்ள இயலாது. நீச்சல் வீரனிடமிருந்து நீச்சலை எவரும் பறித்துக்கொள்ள இயலாது. மின்விளையாட்டு வீரனின் களமோ பிறர் கையில் இருக்கிறது.

இத்தயக்கம் உலக அரங்கிலும் காணப்படுகிறது. மின்விளையாட்டுக்கெனத் தனி ஒலிம்பிக் நடத்தச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2024-இல் முடிவு செய்தது. சவூதி அரேபியாவுடன் உடன்பாடும் செய்துகொண்டது. 2025-இல் நடைபெறுவதாக இருந்த அப்போட்டி 2027-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 2025 அக்டோபரில் அவ்வுடன்பாடே முடிவுக்கு வந்தது. கொலையைக் காட்டும் விளையாட்டுகளை ஒலிம்பிக் நெறி ஏற்காது என்பதும் அக்குழுவின் தலைமை முன்னரே வெளியிட்ட கருத்தாகும்.

நேர்மையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 2010-இல் தென்கொரியாவில், பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற குற்றத்திற்காக முன்னணி மின்விளையாட்டு வீரர் பலருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. இதனைக் கண்டு, ‘இது விளையாட்டே அன்று’ என்று கூறுதல் பொருந்தாது. 2000-இல் கிரிக்கெட்டிலும் இத்தகைய குற்றம் வெளிப்பட்டு, ஒரு நாட்டு அணித்தலைவரே வாழ்நாள் தடை பெற்றார் அன்றோ? குற்றம் நிகழாமை விளையாட்டின் இலக்கணம் அன்று. குற்றத்தைக் கண்டறிந்து ஒறுக்கும் பொது அமைப்பு இருத்தலே விளையாட்டின் இலக்கணம். தென்கொரியாவில் அவ்வமைப்பு இருந்தது. ஆகவே குற்றம் ஒறுக்கப்பட்டது.

இவை யாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்குங்கால் ஒரு முடிவு புலனாகின்றது. உண்மையான போட்டி விளையாட்டு என்னும் பெயருக்கு மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, வெற்றி பயிற்சியால் வரும் திறனைச் சார்ந்திருத்தல். இரண்டாவது, எல்லார்க்கும் ஒத்த விதியும் நடுநிலை தவறாத நடுவரும் இருத்தல். மூன்றாவது, விளையாட்டு பொதுவுடைமையாய், ஒருவர் விருப்பால் அழியாததாய் இருத்தல். முதல் தகுதி மின்விளையாட்டுக்கு உண்டு. இரண்டாவது தகுதியை முறையாக நடக்கும் போட்டிகளில் அது பெற்று வருகிறது. மூன்றாவது தகுதியை அது இன்னும் பெறவில்லை. ஆகவே மின்விளையாட்டில் போட்டியிடும் வீரரை விளையாட்டு வீரர் என்று மதித்தல் நேர்மையாகும். அவர் ஆடும் விளையாட்டு முழுமையான விளையாட்டாக வேண்டுமாயின், அதன் விதியும் வாழ்வும் நிறுவனத்தின் கையிலிருந்து பொது அமைப்பின் பொறுப்பிற்கு வருதல் வேண்டும். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே செல்லும் தகுதியை மின்விளையாட்டே தேடிக்கொள்ள வேண்டும். மோட்டார்ப் பந்தயமும் ஒரு நாளில் அத்தகுதியைப் பெற்றுவிடவில்லை.

இனி, இவ்வினா மாணவரைத் தொடும் இடத்தையும் சொல்லுதல் வேண்டும். ‘மின்விளையாட்டும் விளையாட்டுத்தான் என்று அரசே கூறிவிட்டது, ஆகவே இரவெல்லாம் ஆடுவேன்’ என்று ஒரு மாணவன் கூறுவானாயின், அவன் விளையாட்டின் பொருளை அறியாதவன். விளையாட்டு வீரன் எவனும் வரையறையின்றி ஆடுவதில்லை. அவனுக்குப் பயிற்சிக்கும் நேரம் உண்டு. ஓய்விற்கும் நேரம் உண்டு. உறக்கத்திற்கும் நேரம் உண்டு. ஆட்டத்தை அடக்க இயலாமல், பிற கடமைகளை எல்லாம் மறந்து, தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்ந்து ஆடும் நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நோயாகவே கொண்டு, 2019-இல் ஏற்கப்பட்ட தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. வளரும் பருவத்தினர் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடமேனும் உடல் உழைக்க ஓடியாட வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்தைத் திரை தர இயலாது. திடலே தர வேண்டும். சதுரங்க வீரரும் துப்பாக்கி வீரரும் தம் உடலைப் பேணுவதற்கெனத் தனிப் பயிற்சி செய்வது இதனாலேயே.

ஆலைகள் பெருகும் நிலத்தில் வெற்றிடங்கள் சுருங்குவது இயல்பு. சிறுவர் ஓடியாடிய இடத்தில் மதிலும் கிடங்கும் எழுகின்றன. திடல் மறையும் இடத்தில் திரை எளிதாக நுழைகிறது. ஆகவே, சிறுவரைப் பார்த்து ‘ஏன் எப்பொழுதும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறாய்?’ என்று கடிவதோடு பெரியோர் கடமை முடிந்துவிடாது. ஓடியாடத் திடல் ஒன்றைக் காத்துத் தருவதும் அவர்தம் கடமையே. திரையும் இருக்கட்டும், திடலும் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை விழுங்காதிருத்தல் வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் கார்களின் விரைவைக் கண்டு வியப்பவர் பலர். ஆனால் பந்தயம் பயில்பவன் தேர்ந்து கற்க வேண்டியது விரைவை மட்டுமன்று. எந்த இடத்தில் பிரேக்கை மிதித்து விரைவைக் குறைப்பது என்பதையும் அவன் கற்றாக வேண்டும். வளைவு வருமுன் விரைவை அடக்கத் தெரியாதவன் எவ்வளவு நல்ல காரை வைத்திருந்தாலும் தடத்தைவிட்டு வெளியேறுவான். கைப்பேசியில் ஆடுபவனுக்கும் இது பொருந்தும். வேண்டும்பொழுது நிறுத்த வல்லவன் ஆட்டத்தை ஆள்கிறான். நிறுத்த இயலாதவனை ஆட்டமே ஆட்டுவிக்கிறது. முன்னவன் ஆடுவது திரையிலாயினும் அது விளையாட்டு. பின்னவன் ஆடுவதற்கு எந்தச் சட்டம் எந்தப் பெயரைத் தந்தாலும் அது விளையாட்டு ஆகாது.